குட்டைக் குழாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததுமே என்னவோ ஏதோ என்று பதறுவாய் என்று தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். படகு மூழ்கவில்லை. இனி உட்கார்ந்து நிதானமாகப் படி.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. அடுக்களையில் கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, டார்ச்சைத் தாடைக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். முன்னறையில் அப்பா குறட்டை விடுகிறார். குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது. உன்னோடு இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது, எழுதவும் கூடாது என்று அன்றைக்குச் சொன்னாரே, அதை அவர் இன்னும் திரும்ப வாங்கவில்லை. போனில் பேசலாமென்றால் வீட்டில் இருப்பது அவருடைய போன் ஒன்றுதான். யாரைக் கூப்பிட்டோம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். பிடிபட்டால் அடிக்க மாட்டார். உன்னோடு பேசாமல் இருப்பதுபோல என்னோடும் பேசாமல் இருந்துவிடுவார். அதற்குப் பயந்துதான் இந்த இடுக்கு.

அப்பா முன்னறையில் தூங்குகிறார் என்பது உனக்கு ஒரு செய்தியாகவே தெரியாது. எங்களுக்கு அது பெரிய செய்தி. நீயும் அத்தானும் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு அந்தப் பெரிய நகரத்துக்குப் போனீர்களே, அந்த வாரத்திலிருந்து அவர் படகில்தான் படுத்துவந்தார். துறையில் பேட்டரி திருடுகிறார்கள், காவல் வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். எந்தப் படகிலும் பேட்டரி காணாமல் போனதாக நான் கேள்விப்படவில்லை. அம்மாவும் எதிர்த்துக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குச் சட்டியில் ராத்திரிச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை ஆயிற்று. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ, கேட்கவே இல்லையே என்று ஒரே ஒரு தடவை, சட்டியைத் திறந்தபடி, சட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

(அத்தான் என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா? எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.)

இப்போது படகுக்கு வருகிறேன். எஞ்சின் தண்டு வெளியே போகிற இடத்தில் நம் படகு எப்போதும் கசியும் என்பது உனக்குத் தெரியும். சொட்டுச் சொட்டாக வந்து அடியில் இருக்கும் பள்ளத்தில் தேங்கும். அப்பா காலையிலும் மாலையிலும் வாளியால் இறைத்துக் கொட்டுவார். மழை ஆரம்பித்த சமயத்தில் அவர் தளத்தில் வழுக்கி விழுந்து வலது தோள் பிசகிவிட்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. அதற்கப்புறம்தான் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று வாங்கினார். டம்ளர் அளவுதான் இருக்கும், பேட்டரியில் ஓடும். அதன் பக்கத்தில் வைக்க ஒரு சுவிட்ச், அந்தச் சுவிட்சில் நாக்கு மாதிரி ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் நாக்கு எழும்பும், மோட்டார் ஓடும். தண்ணீர் வடிந்தால் நாக்கு படுத்துக்கொள்ளும், மோட்டார் நிற்கும். ஆள் தூங்கினாலும் மோட்டார் தூங்காது.

துறையில் எல்லாப் படகுக்கும் வயர் இழுப்பவர் உன் மாமனார்தான். வயர்மேனைக் கூப்பிடுங்களேன் என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். “நாலு வயரை முறுக்குறதுக்கு ஒரு நிபுணரா? நம்ம பொண்ணு கரண்ட் பாடம் படிச்சிட்டா, போதும்” என்றார் அப்பா. கரண்ட் பாடத்தில் நான் வாங்கிய மார்க்கை அவரிடம் காட்டியிருக்கவில்லை. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

பெயின்ட் அடிப்பதற்காகப் படகைக் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்திருந்தார்கள். எஞ்சினுக்கு அடியில் அப்பாவின் கை போகாது, அதுவும் அந்தத் தோளோடு. நான்தான் பலகையில் குப்புறப் படுத்து, தோள்வரைக்கும் கையை விட்டு, பள்ளத்தின் அடியில் மோட்டாரை வைத்து ஸ்க்ரூ முடுக்கினேன். டீசல் நாற்றத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. அப்பா மேலே இருந்து டார்ச் அடித்தார், பள்ளத்தில் அடிக்காமல் என் கண்ணிலேயே அடித்தார். வயர் ஜாயின்ட் எல்லாம் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிளஸ் வயரை மெயின் சுவிட்சுக்குக் கொண்டுபோகாமல் நேரே பேட்டரிக்கு இழுத்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்தார். படகில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனாலும் இது மட்டும் உயிரோடு இருக்க வேண்டும் என்றார். அதெல்லாம் சரியாகத்தான் செய்தார், அக்கா. நம் அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

தப்பு குழாயில் வந்தது. மோட்டாரோடு பெட்டியில் வந்த குழாய் குட்டை. தண்ணீர் வெளியே போவதற்குப் படகின் பக்கத்தில் மேலே, தளத்தை ஒட்டித் துளை போட்டால்தான் நல்லது. அங்கே அது எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குழாய் வேண்டும். துறையில் குழாய் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான், அதன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் உன் மாமனார்தான். அப்பா குழாயை இழுத்துப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பியும் பார்த்தார். பிறகு குழாய் எட்டுகிற இடத்துக்குத் துளையைக் கீழே இறக்கிவிட்டார். படகு கரையில் காலியாக நின்றதால் அந்த இடம் நல்ல உயரம்போலத்தான் தெரிந்தது. “கிட்டத்துல இருந்தா தண்ணி சீக்கிரம் வெளிய போகும்” என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

இங்கே கொஞ்ச நேரம் எழுதவில்லை. அம்மா எழுந்து வந்துவிட்டாள். டார்ச்சை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இருட்டிலேயே தண்ணீர் மொண்டு குடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. “டார்ச்சுல எழுதினா கண்ணு கெட்டுடும். கதவைச் சாத்திட்டு லைட்டைப் போட்டுக்க” என்றாள். வாசல்வரை போனவள் நின்று, “அவளுக்கு அந்த வறட்டு இருமல் விட்டுச்சான்னு கேளு” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். ஆகையால் கேட்கிறேன். இருமல் விட்டதா?

இப்போது விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து நேராகியிருக்கும்.

படகைத் தண்ணீரில் இறக்கிய புதிதில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. டீசல் நிரப்பிய பிறகு மோட்டார் அடிக்கடி ஓடுவதுபோல எனக்குத் தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன். “புது மோட்டாரு, வேலைக்கு ஆசைப்படுது” என்று சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று ஐஸ் ஏற்றினார்கள். இன்று விடியுமுன் கடலுக்குப் போவதாகத் திட்டம். வலை, டீசல், ஐஸ் எல்லாம் சேர்ந்து படகின் பின்பக்கத்தை நன்றாக அழுத்தியிருந்தது. ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் மழையில் சாப்பாட்டோடு நான் போனபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவதற்குள் மறுபடி ஓடியது. ஆனால் சத்தம் பழைய சத்தமாக இல்லை. இழுப்பு வந்தவர் மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்து ஓடி, அப்புறம் ஒரேயடியாக அடங்கிப்போனது. நான் படகின் பக்கத்தைப் பார்த்தேன். குழாய்க்காக அப்பா போட்ட துளை கண்ணில் படவில்லை. அது தண்ணீருக்குள் போயிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரம்மிலிருந்து டீசல் எடுக்கும்போது அப்பா குழாயை வாயால் உறிஞ்சிக் கீழே விடுவாரே, அதற்கப்புறம் அது தானாக வந்துகொண்டே இருக்குமே, அதே வேலையைக் கடல் செய்துகொண்டிருந்தது. மோட்டார் தண்ணீரை வெளியே தள்ளும். மோட்டார் நின்றதும் அதே குழாய் வழியாகக் கடல் உள்ளே வரும். நாக்கு எழும்பும், மோட்டார் திரும்ப ஓடும். தள்ளிய தண்ணீரையே திரும்பத் திரும்பத் தள்ளிப் பேட்டரி செத்துவிட்டது. இனி அந்தக் குழாய் வெறும் ஓட்டை. உள்ளே அப்பா படுத்திருக்கிறார்.

சட்டியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் படகில் அவர் படுக்கும் அறைக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அவருடைய செருப்பு இரண்டும் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தன. அவர் பலகையில் படுத்திருந்தார், கீழே தொங்கிய கை தண்ணீரில் கிடந்தது. தோள்வலிக்கு மாத்திரை போட்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. கூப்பிட்டேன். கத்தினேன். அசையவில்லை. அக்கா, அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். பிசகின தோளைப் பிடித்தே உலுக்கினேன். வலி தாங்காமல் அலறிக்கொண்டு எழுந்தார். ஒருவர் அலறுவதைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது.

வாளியை எடு என்றார். இடது கையால் இறைத்தார், நானும் இறைத்தேன். நாங்கள் கொட்டுவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருந்தது. வாளியைப் போட்டுவிட்டு மேலே ஏறினேன். எங்கே போகிறாய் என்று பின்னால் கத்தினார். சொன்னால் தடுப்பார் என்று சொல்லாமல் ஓடினேன்.

உன் மாமனார் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நீ போன பிறகு அந்தக் கடைப் பக்கம் நான் தலையைக்கூடத் திருப்பியதில்லை. எதிரே போய் நின்றேன். “அப்பா” என்றேன். பிறகு “படகு” என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. டீ கிளாஸ் என்ன ஆயிற்றோ, வெறுங்காலோடு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு அப்படி ஓட முடியும் என்று நீ நம்ப மாட்டாய். அத்தானிடம் சொல், அவரும் நம்ப மாட்டார்.

வந்ததும் படகின் விளிம்பில் குப்புற விழுந்து, நான் காட்டிய இடத்தில் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவி, தோளில் கிடந்த துண்டை அந்தத் துளைக்குள் திணித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “பின்னாடி கனம் குறையணும். ஐஸைத் தூக்கிக் கடல்ல போடச் சொல்லும்மா” என்றார். அப்பா என் பக்கத்திலேயே நின்றார். அவரும் என்னைப் பார்த்து, “யாரைக் கேட்டுப் போடணுமாம்?” என்றார். “படகைக் கேட்டு” என்றார் உன் மாமா. படகும் சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா ஐஸ் அறையின் மூடியைக் காலால் உதைத்துத் திறந்தார்.

பக்கத்துப் படகுக்காரர்களும் வந்து கைகொடுத்தார்கள். ஐஸ் கட்டிகள் துறை முழுக்க மிதந்தன. இறைக்க இறைக்கப் படகு மேலே வந்தது. துளையும் வெளியே வந்தது, அதிலிருந்து மாமாவின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மாமா துண்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அப்பா வீட்டுக்கு வரவில்லை. விடியும்வரை அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

இன்று காலையில் எனக்குத் தலைவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் துறைக்குப் போனேன். மாமா யாரும் கூப்பிடாமலே வந்தார். நீளமான குழாயைச் சுருட்டி மாலை மாதிரி கழுத்தில் போட்டிருந்தார். அப்பா படியில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். மாமா இறங்கிவிட்டார்.

அதற்கப்புறம் மத்தியானம்வரை நான்தான் அவர்கள் இருவருக்கும் தபால்காரி. ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கிற இடத்தில் நின்றுகொண்டு, பேச்சு மட்டும் என் வழியாகப் போய்வந்தது. குழாய் ஏன் இவ்வளவு குட்டை என்று உங்கப்பாவைக் கேள் என்றார் மாமா. பெட்டியில் வந்தது அவ்வளவுதான் என்று சொல் என்றார் அப்பா. “எங்க கடை இந்தா, கூப்பிடு தூரத்துல இருக்குன்னு சொல்லும்மா.” “எனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியறதில்லைன்னு சொல்லு.” “அப்ப வயர் வேலைக்கு முன்னாடி கண் டாக்டரைப் பார்த்திருக்கணும்னு சொல்லு.” நான் சொல்வதற்கு முன்பே அடுத்த பதில் வந்துவிடும். சிரிப்பை அடக்க நான் எஞ்சினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு தடவை மாமா பேட்டரிப் பக்கம் வயரைத் தடவிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு, நேரே பேட்டரிக்கு இழுத்து ஃபியூஸும் வைத்தது யார் என்று கேட்டார். அப்பா என்றேன். “இதுல மட்டும் என்னால குறை சொல்ல முடியலைன்னு சொல்லு” என்றார். அப்பா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

கீழே இருந்த துளையைக் கட்டையால் அடைத்துப் பசை பூசினார்கள். புதுத் துளையைத் தளத்தை ஒட்டி மேலே போட்டார்கள். குழாயை அதற்கும் மேலே ஏற்றி, ஒரு வளைவு கொடுத்து, அங்கிருந்து துளைக்கு இறக்கினார்கள். எவ்வளவு கனம் ஏற்றினாலும் கடல் அந்த வளைவைத் தாண்டி வர முடியாதாம். வளைவை உயரப் பிடித்துக் கிளிப் போடும்போது மாமாவுக்கு இரண்டு கை போதவில்லை. “கொஞ்சம் மேல தூக்குங்க” என்றார். “தூக்கிட்டேன், சீக்கிரம் முடுக்குங்க, தோளு போகுது” என்றார் அப்பா. அக்கா, நேருக்கு நேராகப் பேசிக்கொண்டார்கள்! இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. கவனித்துவிடப் போகிறார்களே என்று நான் தும்மலை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் சார்ஜ் போட்ட பேட்டரியை மாட்டி, படகில் கல் மூட்டைகளை ஏற்றிப் பின்பக்கத்தை நேற்றுப்போல அமிழ்த்தினார்கள். நான் வாளி வாளியாகப் பள்ளத்தில் கடல் தண்ணீரைக் கொட்டினேன். நாக்கு எழும்பியது. மோட்டார் ஓடியது. மேலே இருந்து தண்ணீர் வளைந்து போய்க் கடலில் விழுந்தது. பள்ளம் வற்றியது. மோட்டார் நின்றது. மூன்று பேரும் அது மறுபடி ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஓடவில்லை. இன்னும் நின்றோம். ஓடவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் பார்க்காததுபோல வேறு பக்கம் பார்த்தார்கள்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கையைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா என்னிடம், “அங்க மழை உண்டான்னு கேளு” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் கிளிப்பைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டு, “நல்ல மழைதான். மூணாவது மாடி, தண்ணி ஏறாது. சாரல் அடிக்குதாம்” என்றார், என்னைப் பார்க்காமல், நேரே அப்பாவிடம். அப்பா தலையை ஆட்டினார். பிறகு படியில் ஏறிக்கொண்டே, “ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லு” என்றார்.

சொல்லு என்றது மாமாவிடமா, என்னிடமா என்று இப்போது வரைக்கும் தெரியவில்லை. என்னிடம் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா, ஜன்னலைச் சாத்தி வை.

அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். பேட்டரிக்குக் காவல் வேண்டாமா என்று அம்மா கேட்கவில்லை. பாயை உதறிப் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்துபோய் நம் வீட்டு ஜன்னலையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்தக் கடிதத்தைக் காலையில் மாமா கையில் கொடுத்துவிடுவேன். அவர் எப்படியும் உங்களுக்கு அனுப்பிவிடுவார். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா பெயருக்கு ஒரு கடிதம் எழுது. மன்னிப்பு கேட்காதே. கேட்டால் அவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அவருக்கு அது வராது. வரட்டுமா என்றும் கேட்காதே. நான் எழுதியதாக மூச்சு விடாதே. மழையைப் பற்றி மட்டும் எழுது. சாரல் எதுவரைக்கும் வருகிறது, துணியை எங்கே காயப்போடுகிறாய், மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் தெருவில் தண்ணீர் நிற்பது தெரிகிறதா, எல்லாவற்றையும் நீளமாக எழுது. அவர் கேட்டது அதைத்தான். இங்கே இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. மழை நிற்பதற்குள் எழுது, அக்கா.

உன்னையும் அத்தானையும் எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
உன் சுண்டெலி